ரத்தத்துக்கு அடியில் இருந்த ரேகை

"சட்டையில ரத்தம், கத்தியில கைரேகை. இன்னும் என்னம்மா சாட்சி வேணும்?"

நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் கிசுகிசுத்தார். தன் வேலித் தகராறு வழக்குக்காக வந்தவர்தான். மனைவியைக் கொன்றதாகக் கூண்டில் நின்றவனைப் பார்த்ததுமே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. அந்த வக்கீல் கேக்கட்டும்," என்றார் அம்மாள்.

கூண்டில் நின்றவனுக்காக வாதாடிய வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தடயவியல் நிபுணரை நிதானமாகக் கேட்டாள்.

"சட்டையில ரத்தம் தெறிச்சிருந்துச்சா, ஊறியிருந்துச்சா?"

"ஊறியிருந்துச்சு. தெறிச்ச புள்ளி ஒண்ணுகூட இல்லை."

"விழுந்து கிடந்தவங்களை மடியில தூக்கிப் போட்டுக்கிட்டா அப்படித்தானே ஊறும்?"

"ஆமா."

"கத்தியில இருந்த ரேகை ரத்தத்துக்கு மேலயா, அடியிலயா?"

நிபுணர் கத்தியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடியில. காய்ஞ்ச எண்ணெய்ப் பிசுக்குல பதிஞ்சிருக்கு."

"அதாவது கொலைக்கு முன்னாலயே பதிஞ்சது. அவர் வீட்டுக் கத்தியில அவர் ரேகை இல்லாம உங்க ரேகையா இருக்கும்? பின்கதவுத் தாழ்ப்பாள்ல ரத்தத்தோட பதிஞ்ச ரேகை யாரோடது?"

"தெரியலை. அவரோடது இல்லை."

"இதையெல்லாம் ஏன் அறிக்கையில எழுதலை?"

நிபுணர் அறிக்கையை மூடினார். "கத்தியில இருக்கறது அவர் ரேகையான்னு மட்டும்தான் போலீஸ் கேட்டாங்க."

நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விடுதலை. உண்மைக் குற்றவாளியைத் தேடும்படி போலீசுக்கு உத்தரவு. வேலி வழக்குக்கு மறுபடியும் வாய்தா வாங்கிக்கொண்டு, எரிச்சலோடு வெளியே வந்த தையல்காரர் வாசலில் அதே அம்மாளைப் பார்த்தார்.

"தப்பிக்க விட்டுட்டாளே அந்த வக்கீல். அவளைப் பெத்தவங்களைச் சொல்லணும்."

"நான்தாங்க பெத்தேன்," என்றார் அம்மாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஊரே திட்டுச்சு. சொந்தக்காரங்க வாசப்படி மிதிக்கலை. ஒரு அடி பின்வாங்கலையே என் பொண்ணு."

தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவ உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பெருமை பேசுவீங்களா?"

படியிறங்கி வந்த வக்கீலின் கறுப்பு அங்கியைச் சரிசெய்துவிட்டு, அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவளும் நான் பெத்தவதாங்க. இவளோட அக்கா."