வேளைக்கு இரண்டு கரண்டி கோகோ

தீவை விட்டு நகரத்துக்குக் குடிவந்த எராக்லியோவின் ரத்த அழுத்தம் நூற்று எழுபதிலிருந்து நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. பனாமா நகரத்து டாக்டர் பெனால்பா இன்னொரு முறை அளந்தார். அதேதான்.

"பாத்தீங்களா? உங்க குனா பழங்குடி சனங்களுக்குத் தீவுகள்ல பிரஷர் கம்மியா இருக்குறதே கோகோவாலதான்னு சொன்னேன்ல? நான் குடுத்த மருந்துக் கோகோ, வேளைக்கு ரெண்டு கரண்டி, ஒழுங்காக் குடுத்தீங்கதானே?"

"ஒரு வேளை தவறல டாக்டர்," என்றாள் மனைவி பிரிசெய்தா. "இவருக்குத்தான் இருமல் விட மாட்டேங்குது."

"இருமல் தன்னால போயிடும். என் கோகோ ஆராய்ச்சி அறிக்கைய நேத்தே அச்சுக்கு அனுப்பிட்டேன். ஒண்ணு மட்டும் கேக்க விட்டுப்போச்சு. பால்ல போட்டீங்களா, வெந்நீர்லயா?"

"தணல்ல."

"தணல்லயா?"

"குடிக்கிற கோகோ தாகத்துக்கு டாக்டர். மருந்துன்னு சொல்லிக் குடுத்தா, எங்க தீவுல நெருப்புல போட்டு நோயாளிக்குப் புகைதானே காட்டுவோம்?"