மொட்டைமாடியில் ஒரு கறுப்பு உடை

"அந்த விதவையம்மாவைப் பாத்துப் பாடறதை இன்னியோட நிறுத்திக்கோ, ஃபோதிஸ்."

ஃபோதிஸ் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒட்டுமீசைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். கொட்டகை முதலாளி கரலாம்பிஸ் ஒப்பனை அறைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே பேசினார். ஏதென்ஸில் அந்தக் கோடையில் தெருவுக்கு ஒரு பாட்டு நாடகம் நடந்தது. அவருடைய திறந்தவெளிக் கொட்டகை மட்டும் நிரம்பி வழிந்ததற்குக் காரணம் இந்தப் பயலின் குரல் என்பது இருவருக்குமே தெரியும். அதனால் திட்டுவதையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் திட்ட வேண்டியிருந்தது.

"காசு குடுத்து வந்தவங்களுக்கு உன் காது மட்டும்தான் தெரியுது. கதாநாயகி எவாந்தியா உன் கையைப் புடிச்சுக்கிட்டு உருகறா. நீ என்னடான்னா பக்கத்து வீட்டு மொட்டைமாடியைப் பாத்து உருகறே. அவ என்கிட்ட வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறா."

"குரல் கடைசி வரிசைக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது. அதுக்காக? டிக்கெட் வாங்காம, பூசணி விதையைக் கொறிச்சுக்கிட்டு மாடியில இருந்து எட்டிப் பாக்கற கும்பலுக்கா நான் நாடகம் போடறேன்? நாளைக்குக் காலையில ஆள் வருது. சுவர் மேல உசரமா படுதா கட்டி மொத்தமா மறைச்சுடப் போறேன்."

ஃபோதிஸ் திரும்பினான். மீசை ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

"படுதா கட்டினா நாளைக்கு நான் பாட மாட்டேன் முதலாளி."

"மெரட்டறியா?"

"இல்ல, சொல்றேன். எதிர்க் கொட்டகைக்காரன் மூணு தடவை ஆள் அனுப்பிட்டான். அங்க பக்கத்துல மாடி இல்லைங்கறதாலதான் நான் போகல. படுதா கட்டிட்டீங்கன்னா எனக்கு ரெண்டு கொட்டகையும் ஒண்ணுதான்."

செய்வான் என்று கரலாம்பிஸுக்குத் தெரியும். எட்டு வருஷம் மேடையின் பின்வரிசையில் கோஷ்டியோடு, வேலைக்காரன் வேஷத்தில் தட்டு ஏந்தி நின்றவன் அவன். அலெக்சாந்திரியாவில் கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அன்று, ஒத்திகைகூட இல்லாமல் முழு வேஷத்தையும் பாடி முடித்தான். காய்ச்சலோடு பாடியிருக்கிறான். சுளுக்கிய காலோடு ஆடியிருக்கிறான். பிடிவாதம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் தட்டுதான்.

முதலாளி உள்ளே வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரிப்பா. அவ்வளவு ஆசை இருந்தா அந்தம்மாவைக் கீழ கூட்டிட்டு வா. எந்த நாடகமானாலும் முன்வரிசையில ஒரு நாற்காலியைக் காலியாவே வெக்கச் சொல்றியே, அதுல கௌரவமா உக்காரட்டும். டிக்கெட்டும் வேண்டாம்."

"வரமாட்டாங்க. கொட்டகைக்குள்ள காலை வெக்க மாட்டேன்னு ஆண்டவர் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காங்க."

"கழுத்துல இருந்து கால் வரைக்கும் கறுப்பு. இன்னும் துக்கம் கழியல போல. அவங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரிஞ்சா அவங்களை இருக்கற எடத்துல இருக்க விட மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன். என்னைப் பத்தி ஊர் என்ன வேணும்னாலும் பேசிக்கட்டும். அவங்க யாரு என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

மணி அடித்தது. ஃபோதிஸ் மீசையின் மறுபாதியை அழுத்தி ஒட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான்.

கரலாம்பிஸுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இவனிடம் பேசிப் பயனில்லை, அந்த அம்மாவிடமே நேராகப் பேசிவிடுவது என்று முடிவு கட்டினார். பக்கவாட்டுத் திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். இன்னும் முழுசாக இருட்டவில்லை. விதை கொறிக்கிற கும்பலை விட்டுத் தள்ளி, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, வழக்கமான இடத்தில் அந்தக் கறுப்பு உடை தெரிந்தது. நீளமான தலைமுடி, பிடரியில் முடிச்சு. ஆள் வந்தாயிற்று.

பக்கத்து வீட்டின் இரும்புப் படிகளில் மூச்சிரைக்க ஏறினார். அதற்குள் கீழே ஃபோதிஸ் பெரிய பாட்டை ஆரம்பித்துவிட்டான். முதலாளியைக் கண்டதும் ஓசிக் கும்பல் ஆளுக்கொரு திசையில் நழுவியது. கறுப்பு உடை மட்டும் அசையவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தது. ஒரு விரல் மட்டும் சுவரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். நான் கொட்டகை முதலாளி."

கீழே ஃபோதிஸ் உச்ச ஸ்வரத்தைப் பிடித்தான். அது நின்று நிதானமாக இறங்குகிறவரை அந்த விரலும் அசையவில்லை. கைதட்டல் எழுந்து, "ஒன்ஸ்மோர்" என்ற கூச்சல் மாடிவரை வந்த பிறகுதான் அந்த உருவம் திரும்பியது.

மார்பு வரை நரைத்த தாடி. கக்கத்தில் இடுக்கிய உயரமான கறுப்புத் தொப்பி. முடி வெட்டாமல் பிடரியில் முடிந்துகொள்கிற கிரேக்கப் பாதிரிகளில் ஒருவர், பிரேயஸ் துறைமுகத்துத் தேவாலயத்தின் பாதிரியார்.

கரலாம்பிஸ் தன் தொப்பியைக் கழற்றினார்.

"நாளைக்கு இங்க படுதா கட்டப் போறாங்கன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க" என்றார் பாதிரியார்.

"இல்ல சாமி. படுதா எதுவும் கட்டல."

கீழே ஃபோதிஸ் எவாந்தியாவின் கையைப் பிடித்தபடியே இந்த மாடியை நோக்கி நிமிர்ந்து, பாட்டை மறுபடி ஆரம்பித்தான். பாதிரியார் சட்டென்று காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"மூணாம் தடவை பாட விடாதீங்க, என் மகனுக்குச் சின்ன வயசிலேருந்தே தொண்டை கொஞ்சம் பலவீனம்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணு. நான் இங்க வர்றது அவனுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க."