அம்மாவிடம் கேட்டார்கள்

கனடாவுல பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல உதவியாளர் வேலைன்னா, இப்பல்லாம் ஆளைக் கேக்கறதில்ல. பெத்தவளுக்கு மெஷின் போன் போட்டுப் பிள்ளையப் பத்தி விசாரிக்குது. இந்த வேலை கெடச்சாத்தான் விசா நிக்கும்னு அங்க இருந்த மாரீஸ்வரி மனு போட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தா. கோவில்பட்டியிலிருந்து அம்மா கூப்பிட்டா.

"ஏட்டி, மெஷின் பேசுச்சு. தமிழ்லதான், என்னமாக் குடையுது!"

"நீ என்னம்மா சொன்ன?"

"பெத்தவ வாயால புகழ்ந்தா கண்ணு பட்டுராது? அவ சோம்பேறி, சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதுன்னேன். நெசமாவான்னு மறுக்காவும் கேட்டுச்சு. நான் மசியலையே!"

அதுக்குள்ள மாரீஸ்வரி போன்ல பல்கலைக்கழகத்துப் பதில் வந்து விழுந்துச்சு. வேலை இல்லையாம்.

"சொல்லுட்டி, நல்லாத்தான பேசிருக்கேன்?"

மாரீஸ்வரி மூக்க உறிஞ்சிக்கிட்டா. "ரொம்ப நல்லாப் பேசிருக்கம்மா. இனி என்மேல எவ கண்ணும் படாது."