அம்மாவின் உப்பு

வெயிலில் யாரும் மயங்கி விழக்கூடாதென்று உப்பளத்தில் எல்லோருக்கும் ஊசி போட்டிருந்தார்கள். இனி உடம்பின் ஒவ்வொரு செல்லும் தண்ணீரை வெளியே விடும்; உப்பை விடாது.

சாயங்காலம் அளத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பேச்சித்தாய் மகளை மடியில் படுக்கப் போட்டாள். அம்மாவின் மணிக்கட்டைச் சப்பினால்தான் நாலு வயது முப்பிடாதிக்குத் தூக்கம் வரும். சப்பியவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஒண்ணுமே இல்லம்மா."

பேச்சித்தாய் அடுப்படிக்குப் போய், மணிக்கட்டில் உப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை மறுபடியும் வாயை எடுத்துவிட்டது.

"இது அளத்து உப்பு. ஒன் உப்பு எங்க?"

ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் அந்தி வெளிச்சத்தில் மேகம்போல் மிதந்தன. பேச்சித்தாயின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. பிள்ளை அதை நாக்கால் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

"ஐ, நல்ல தண்ணி!"