பரணேறிய குக்கர்

இது என் அறைத்தோழன் சொல்லிக் கேட்டது.

உடம்பைக் குறைக்கக் கிளம்பிய அவன் நண்பன் இளங்குமரன், பரணில் ஏற்றுவதற்காகக் குக்கரைக் கழுவி வைத்திருந்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஒரு டயட் சாப்பாட்டு டப்பா.

"நகருங்க அக்கா, இனிமே இங்க நான்தான்."

"உனக்குள்ள என்னடி இருக்கு?" என்றது குக்கர்.

"மில்லட் லென்டில் பௌல்."

அவன் மூடியைத் திறந்ததும் குக்கருக்கு வாசனை பிடிபட்டது. "அடிப்பாவி, இது வரகரிசி சாம்பார் சாதம்! போன வாரம்கூட நான் வேகவச்சேனே!"

"இருக்கட்டும். என் மேல முந்நூறு கலோரின்னு எழுதியிருக்கு. உங்க மேல?"

குக்கர் குனிந்து பார்த்தது. 'ஐந்து லிட்டர்' என்று மட்டும் இருந்தது.

குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, இளங்குமரன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டான்.

பிறகு நானும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'கலோரி ஓர் ஆளுக்கு. சாப்பாடு இரண்டு ஆளுக்கு.'