ராணியின் அட்டிகை

"என் பச்சைக்கல் அட்டிகையப் பார்த்தீங்களா?" அலமாரியைத் துழாவியபடி கேட்டாள் அனுஜா.

கணவன் ஹரிஷாந் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "எங்கயாச்சும் இருக்கும்லா. ஒத்திகைக்கு நேரமாச்சு, வாரேன்."

ஒரு மாதமாக இதே கூத்துதான். ஈப்போவில் கிரேக்க நாடகம் போடுகிறார்களாம். எல்லாம் அந்தக் காலத்து முறைப்படியாம். இவனுக்குப் பெரிய வேஷமாம். ராஜா ராணி கதை என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. ராணி யாரென்று கேட்டால், "வந்து பாரேன்" என்று சிரிப்பான்.

நாடகத்தன்று முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள். மேடையில் எல்லாருக்கும் முகமூடி. போரிலிருந்து திரும்பிய ராஜாவை ராணி பேச்சின்றிக் கட்டிக்கொண்டு குலுங்கி அழுதாள். அவள் கழுத்தில் பச்சைக்கல் அட்டிகை!

'என் நகையைக் கொண்டுபோய் இந்தச் சிறுக்கிக்கா போட்டான்?' பல்லைக் கடித்தாள் அனுஜா. பக்கத்து இருக்கைப் பெண்ணும் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்து முகமூடிகளைக் கழற்றினார்கள். ராஜா, ஜெலாப்பாங் பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜாகிர். ராணி, ஹரிஷாந்!

"பழைய கிரேக்கத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள்" என்றது ஒலிபெருக்கி. அனுஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்துப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "அந்த ராணி உங்க வீட்டுக்காரரா அக்கா?"

"ஆமா!" அனுஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் ஜாகிர் சம்சாரம் மர்ஜானா. நாளைக்கும் நாடகம் இருக்காம். உங்க வீட்டுக்காரரை என் புருஷனை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு அழச் சொல்லுங்க!"