தலைக்கு மேலே கை

எட்டுப் பெண்களும் வாயைத் திறக்காமல் கையாலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். சத்தம் போட்டால் காட்டெருமை மிரளும் என்று சொன்ன வழிகாட்டி பொன்னழகுக்கே சங்கடமாகிவிட்டது. கூட வந்த மில் வெல்ஃபேர் ஆபீசர் அருண்பாண்டியிடம் குனிந்து, பாவம், யாருக்குமே பேச்சு வராதா என்று கேட்டார்.

மாலதி முந்திக்கொண்டாள். “நல்லாப் பேசுவோம்ணே. மெஷின் இரைச்சல்ல பேசுனா யாருக்குக் கேக்கும்? அதான் கை பேசிப் பழகிருச்சு.”

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் அவர்களுடையது. அங்கே கட்டைவிரலைச் சாய்த்தால் டீ. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால், ஆள் மாட்டிக்கொண்டது, மெஷினை நிறுத்து.

ஆறு மாதத்துக்கு முன் மாலதியின் கை மாட்டியபோது பழனியம்மாள் அப்படித்தான் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து ஓடிவந்து சுவிட்சை நிறுத்தியவள், பஞ்சுக் கழிவு கூட்டும் ராக்கம்மாள். அதனால்தான் இரண்டு விரலோடு போயிற்று.

வீட்டுக் கிரைண்டரில் கை விட்டுக்கொண்டாள் என்று மில் எழுதி வைத்தது. அந்த ஒரு வரி மாறினால்தான் மாலதிக்கு வைத்தியச் செலவும், மிச்சமிருக்கிற விரல்களுக்கு ஏற்ற வேலையும் கிடைக்கும். கண்ணால் கண்ட எட்டுப் பேர் அவளோடு சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்து ராக்கம்மாளுடையது. ஒரு நாள் தொழிலாளர் துறை அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

நேற்று அருண்பாண்டி வந்து, மனு கொடுத்தவர்கள் மனசு ஆற வேண்டும், முதலாளி ஒரு நாள் சிறுமலைக்கு அனுப்புகிறார், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றார். மில் பயந்துவிட்டது என்று எல்லாருக்கும் கொண்டாட்டம். குரங்கு பிடுங்கிவிடும் என்று போன்களை மில் கேட்டிலேயே வாங்கிக்கொண்டபோதுகூட யாரும் முகம் சுளிக்கவில்லை.

மூட்டுவலி, மலை ஏற முடியாது என்று ராக்கம்மாள் மட்டும் நின்றுவிட்டாள். வேன் கிளம்பியபோது அவள் டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். மாலதி கை காட்டினாள். அவள் திரும்பவில்லை.

பொன்னழகு மிளகுக் கொடியைக் காட்டினார். பலா மரத்தில் ஓடிய மலை அணிலைக் காட்டினார். இந்தக் காற்றே மருந்து, நன்றாக இழுத்து விடுங்கள் என்றார். இழுத்த பழனியம்மாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“நெஞ்சு பூராவும் பஞ்சுண்ணே. நல்ல காத்துக்கு எடமில்ல.”

மலை விளிம்பில், சமவெளி தெரியும் இடத்தில், அருண்பாண்டியின் போன் அடித்தது. பேசியது மேனேஜர். மில்லிலேயே கிடந்து பழகியவர் போனிலும் கத்தித்தான் பேசுவார். மூன்றடி தள்ளி நின்ற மாலதிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“அதிகாரி உள்ள உக்காந்திருக்காரு. பிள்ளைக டூர் போயிருக்காகன்னா நம்ப மாட்டேங்கிறாரு. சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புய்யா. இன்னைக்கே கேஸ எழுதி முடிச்சிட்டுப் போயிருவாரு.”

மாலதி கணக்குப் போட்டாள். இப்போதே இறங்கினாலும் மில் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். இறக்கிவிடச் சொன்னால் இந்த ஆள் இறக்கிவிடவும் மாட்டார்.

அவள் திரும்பி நின்று விரல்களால் நாலே அசைவில் விஷயத்தைச் சொன்னாள். ஏழு முகமும் கறுத்தன. அருண்பாண்டி பக்கத்திலேயே நின்று பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. தூசி ஒத்துக்கொள்ளாது என்று மெஷின் ஹாலுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

சிரியுங்கள் என்றார். சிரித்தார்கள். பதினாறு கைகள் தலைக்கு மேலே எழுந்து குறுக்காக நின்றன. அதில் ஒரு கையில் மூன்றே விரல். அப்படியே நில்லுங்கள், பிரமாதம் என்று படம் எடுத்து உடனே அனுப்பினார்.

இறங்கும் வழியில், அதிகாரிக்கு இந்தச் சைகை எப்படிடி தெரியும் என்று பழனியம்மாள் காதைக் கடித்தாள். டீ கொடுக்க ராக்கக்கா அங்கேதான் நிற்கும், கேட்டால் அது சொல்லிவிடும் என்றாள் மாலதி. பதினெட்டு வளைவிலும் அதையே தனக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மில் கேட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. அதிகாரி போய்விட்டார். ராக்கம்மாள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, போட்டோவப் பாத்தாரா?”

“பாத்தாரு.”

“கைய ஏன் இப்பிடி வச்சிருக்காகன்னு கேக்கலியா?”

“கேட்டாரு. மேனேஜரு முழிச்சாரு. டீ ஊத்திக்கிட்டு நின்ன என்னையக் கேட்டாரு.”

மாலதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் ராக்கம்மாளின் கையைப் பிடித்தாள்.

ராக்கம்மாள் கையை உருவிக்கொண்டு குனிந்து கூட்டினாள். மெஷினில் நிற்கும் தன் மகள் சுகன்யாவுக்கு நாளையிலிருந்து அந்த வேலை இல்லையாம். மாடியில் ஆபீஸ் வேலையாம், தூசியே வராத அறையாம். அதைச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே மிச்சத்தையும் சொன்னாள்.

“டாட்டா காட்டுறாளுகன்னு சொல்லிட்டேன்டி.”